துயருற்றார்க்குச் சரியை

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களையும் அரும்பு, மலர், காய், கனி என்னும் நான்கனோடு ஒப்பிட்டுரைத்தல் நம்மவர்க்குள் வழக்கு. தாயுமான அடிகளும் இவ்வுவமையை எடுத்தாண்டனர். உவமை சாலவும் நன்றே. ஆயினும் அதனைக் கற்றோருட் சிலர், கனியின்மேல் வைத்த கருத்தால் அரும்பை எளிதாக எண்ணிவிடுகின்றனர். ஞானநூல் பயிலமாட்டாதார்க்கு விதிக்கப்பட்டதோர் ஆறுதலே சரியை என்பதுபோல் அவர் பேச்சு அமைகின்றது. இக்கருத்துப் பொருந்துமா என்பதை, பேரிடர் உற்ற ஓருயிரின் வரலாற்றை முன்வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தாய், தந்தை, மணாளன், வாழ்வின் நோக்கம் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக இழந்தாரொருவர், மீண்டும் எழுந்து நிற்றற்கு எவ்விடத்துத் தொடங்குதல் கூடும்? இதுவே நம் வினா. விடையைச் சேக்கிழார் பெருமான் திருநாவுக்கரசு நாயனார் புராணத்துட் பொதிந்து வைத்துள்ளார். ஆனால் அஃது அரசுகள் மேற்றன்று, அவர்தம் தமக்கையார் திலகவதியம்மையார் மேற்று.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், குறுக்கையர் குடியிற் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளாய்த் தோன்றியவர் அம்மையார். அவர்க்கு 12 ஆண்டு நிரம்புங் காலத்துக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவர்க்கு அவரை மணம் பேசினர். மணம் நிகழுமுன்னரே வேந்தன் ஏவலால் கலிப்பகையார் வடபுலத்துப் போர்மேற் சென்றனர். அவர் சென்றபின் புகழனார் நோயுற்று இறந்தார்; மாதினியார் கணவனாரைத் தொடர்ந்து உயிர் நீத்தார். சுற்றத்தார் துயரம் ஒருவாறு ஆறுதற்குள், போர்க்களத்திற் கலிப்பகையாரும் மடிந்தனர் என்னுஞ் செய்தி ஊரை எட்டிற்று. வீட்டில் எஞ்சியவர் இருவர். ஒருவர் அம்மையார், மற்றவர் இளையராகிய மருணீக்கியார்.

செய்தி கேட்ட அம்மையார், தந்தையும் தாயும் தம்மை அவர்க்கே கொடுக்க இசைந்தமையால் தம் உயிரும் அவர்க்கே உரியது எனத் துணிந்து இறக்க எண்ணினர். அவரைத் தடுத்தது யாது? சாத்திர நூலொன்றும் அன்று. சான்றோர் அறிவுரையும் அன்று. அவர் அடிகளில் விழுந்து அழுத தம்பியின் குரல். அன்னையும் அத்தனும் அகன்ற பின்னும் நும்மை வணங்கலாம் என்றே நான் உயிர் தரித்திருக்கின்றேன். என்னை விட்டு ஏகுவீராயின் நுமக்கு முன்னரே நான் இறப்பேன் என்பது அவர் கூறியதன் பொருள். தம்பியார் உயிரோடிருத்தல் வேண்டும் என்னும் இரக்கம் அம்மையாரின் துணிவை விலக்கிற்று. பொன்னும் மணியும் அணியாது, எவ்வுயிர்க்கும் அருளுடையராய், மனையிலிருந்தே தவம் புரிந்தார் என்பர் சேக்கிழார்.

இவ்விடத்து ஒன்று கருதத்தக்கது. அம்மையார்க்கு அந்நாளில் வாழ்வின்மேல் விருப்பம் மீண்டது என்று ஆசிரியர் யாண்டுங் கூறினாரல்லர். துயர் நீங்கிற்று என்றும் கூறினாரல்லர். இறவாதிருந்தார் என்பதே செய்தி. அதுவும் தம்பொருட்டன்று. இத்துணைச் சிறியதொரு செயலை முதற்படியென எண்ணுதற்கு நம்முட் பலர் கூசுவர். பெருந்துயருற்றார் வீட்டிற்குச் சென்று ஒருமுறையேனும் அருகிருந்தார்க்கு, அதன் பெருமை சொல்லாமலே விளங்கும்.

இனி மருணீக்கியாரை நோக்குவோம். அவரும் அதே இழப்பை உற்றவரே. வளர்ந்தபின் உலகின் நிலையாமையை எண்ணி, அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தர்களும் அமைத்தார், சோலை வளர்த்தார், குளந் தொட்டார், விருந்தினரைப் புரந்தார், பாடிவந்தோர்க்கு ஈந்தார். யாவும் பேரறங்கள். ஆயினும் அவற்றால் அவருள்ளம் அமைதி பெற்றிலது. நிலையாவற்றைத் துறந்து மெய்ந்நெறி தேடிச் சமண சமயம் புகுந்து, பாடலிபுத்திரமென வழங்கிய திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் எனப் பெயர் பெற்றார். பசுபுண்ணியம், சிவபுண்ணியம் என நூல்கள் பிரித்துரைக்கும் வேற்றுமைக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறுவாருளர். அது பொருந்துவதே. எனினும் தண்ணீர்ப் பந்தர் வைத்தவரைத் தாழ்த்திப் பேசுதற்கு அவ்வேற்றுமையைக் கருவியாக்குதல் நன்றன்று. மருணீக்கியார் பிழை செய்திலர். அவர் துயரத்திற்கு அம்மருந்து போதியதாயிற்றில்லை. அவ்வளவே.

தம்பி பிரிந்தது தமக்கையார்க்கு இரண்டாம் பேரிடர். முன்னையதினும் இது கொடிது என்றே நாம் கருதுகின்றோம். எவர் வாழவேண்டுமென்று தம் உயிரைத் தாங்கினாரோ, அவரே வேறுநெறி பற்றி அகன்றனர். பிறர்பொருட்டு வாழ்ந்தவர்க்கு அப்பிறர் இல்லையாயின் எஞ்சுவது யாது? நோக்கம் ஒன்றனைப் பற்றி எழுந்தவர், அந்நோக்கமே சரிந்தால் முன்னினும் ஆழ வீழ்வர். அம்மையார் வீழ்ந்திலர். சுற்றத்தொடர்பை விடுத்து, கெடில நதிக்கரையில், இற்றைநாட் பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். அங்கு ஒரு மடத்திலிருந்து கொண்டு அவர் மேற்கொண்டன யாவை? பொழுது புலருமுன் எழுதல், திருவலகிட்டுக் கோயிலைத் தூய்மை செய்தல், கோமயத்தால் மெழுகுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல். இவையே.

இவை சிறியன. ஏன் சிறியவற்றைத் தொடங்கினார் என்பதற்குச் சித்தாந்தத்திலே ஒரு காரணம் காண்கின்றோம். ஆணவமறைப்பிற் கிடக்கும் உயிரின் ஆற்றல்கள் விளங்குமாற்றைத் தத்துவநூல்கள் கூறுமிடத்து, அசுத்த மாயையினின்று தோன்றுங் கலை என்னுந் தத்துவம் ஆணவத்தைச் சிறிதே விலக்கி, உயிரின் கிரியாசத்தியை எழுப்பும் என்கின்றன. அக்கலையினின்று வித்தை தோன்றி ஞானசத்தியை விளக்கும். வித்தையினின்று அராகம் தோன்றி இச்சாசத்தியை எழுப்பும். முறையை நோக்குக: முதலிற் செயல், பின்னர் அறிவு, அதன்பின்னரே விழைவு. நாமோ உலகியலில் இதனைத் தலைகீழாக எண்ணி வாழ்கின்றோம். விருப்பம் உண்டானால் அறிய முயல்வோம், அறிந்தபின் செய்வோம் என்கின்றோம். துயருற்றவரும் அதனையே சொல்வர்: ஒன்றினும் விருப்பமில்லை, விருப்பம் வரட்டும், எழுவேன் என்பர். விருப்பமோ வருவதாயில்லை, எழுதலும் நிகழ்வதாயில்லை. நாட்கள் கழிகின்றன.

தத்துவநூல் துயருற்றாரை நோக்கி இம்முறையைக் கூறிற்றன்று. உயிர் கேவலநிலையினின்று சகலநிலைக்கு வருமாற்றை உணர்த்தவே கூறிற்று. அதனை நாம் மறந்திலோம். ஆயினும் பெருந்துயரம் உயிரைக் கேவலநிலையை ஒப்பதோர் இருளில் அழுத்துகின்றது என்பதைத் துயருற்றோர் எவரும் மறுக்கார். அவ்விருளில் மனம் தன்வயமாயில்லை, வாக்கும் எழுவதில்லை, திருமுறையைக் கையிலெடுத்தாலும் எழுத்துக்கள் கண்ணிற்படுமேயன்றிப் பொருள் உட்செல்லாது. கையுங் காலும் மட்டும் ஏவினால் இயங்குந் தன்மையவாய் எஞ்சியிருக்கின்றன. எஞ்சியிருப்பதனைக் கொண்டன்றோ தொடங்குதல் வேண்டும்? மனத்தாலியலும் யோகத்தையும் அறிவாலியலும் ஞானத்தையும் அந்நிலையில் ஒருவர்க்கு விதித்தல், கால் முறிந்தவனை மலையேற ஏவுதல் போலும்.

மற்றும், இப்பணிகளின் இயல்பும் நோக்கத்தக்கது. திருவலகிடுங்காற் சிற்றுயிர்கள் மடியாதவாறு மெல்லெனத் துடைத்தல் வேண்டும் என்பது நம் பெரியோர் கொள்கை. மலர் கொய்வோர் வைகறையில் நீராடி, வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு கொய்தல் மரபு. சிவகாமியாண்டார் அவ்வாறு செய்தமையை எறிபத்த நாயனார் புராணத்துட் காண்கின்றோம். எறும்பொன்று அலகின்கீழ் அகப்படாதபடி பார்த்துக்கொண்டே தன் துயரத்தையும் முற்ற நினைந்துகொண்டிருத்தல் ஒருவர்க்கு அரிது. ஒரு நாழிகையேனும் கண் வேறொன்றன்மேற் செல்கின்றது. அவ்வேறொன்று தன்னினும் எளியதோருயிராக இருக்கின்றது. மேலும், இப்பணி ஞாயிறு தோன்றுமுன் முடிந்துவிடும். முடிந்ததென்று கண்ணாற் காணலாம். மறுநாள் மீண்டும் சருகு உதிர்ந்திருக்கும். முற்ற முடித்துப் புகழடைதற்கு இதில் இடமில்லை. ஆனால் நாளையும் ஒருவர் வரவேண்டும் என்னுந் தேவை இதில் என்றும் உண்டு. நோக்கம் இழந்தவர்க்கு வேறென்ன வேண்டும்?

அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் சுபக்கத்து எட்டாஞ் சூத்திரத்துத் தாசமார்க்கத்தை விரித்தருளுங்கால், கோயில் அலகிடுதல், மெழுகுதல், பூக்கொய்தல், மாலை தொடுத்தல், இறைவனைப் புகழ்தல், விளக்கிடுதல், நந்தனவனம் அமைத்தல் ஆகியவற்றோடு, திருவேடங் கண்டால் நான் செய்யும் பணி யாதென வினவி அதனைச் செய்தலையும் சேர்த்து ஓதியிருத்தல் சிந்திக்கத்தக்கது. அலகிடுதலில் தொடங்கியது, மற்றொருவரை நோக்கி வினவுதலில் வந்து நிற்கின்றது. துயரம் ஒருவரைத் தம்முள்ளே ஒடுங்கச் செய்யும். இவ்வினா அவரைத் தமக்கு வெளியே கொணர்கின்றது.

கதைக்கு மீள்வோம். அம்மையார் தம்பியின் பொருட்டு வீரட்டானத்து இறைவனை நாடோறும் வேண்டிவந்தார். உன் கவலை ஒழிக, அவனைச் சூலைநோய் கொடுத்து ஆட்கொள்வோம் என்று இறைவன் கனவில் அருளினன். அவ்வாறே தருமசேனரைச் சூலை பற்றியது. உடனிருந்தோர் செய்த மந்திரங்களும் பிறவும் பயன்படாதொழிய, அவர் தம் சமையற்காரனைத் தமக்கையாரிடம் விடுத்தார். அவன் வந்து காணுங்கால் அம்மையார் நந்தனவனத்தருகே நின்றார் என்று சேக்கிழார் குறித்தருளுகின்றார். ஆண்டுகள் பல கழிந்தும் அவர் பணியிலேயே இருந்தமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டா. தாம் அங்கு வருவதற்கில்லை என்று அம்மையார் சொல்லியனுப்ப, மருணீக்கியார் பாயையும் குண்டிகையையும் மயிற்பீலியையும் விடுத்து, வெள்ளாடை உடுத்து, இரவிற் பிறர் அறியாவண்ணம் புறப்பட்டார். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து திருவதிகை இன்றைய அளவில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். குடரைச் சுருட்டும் நோயோடு அத்துணை வழி வந்து தமக்கையார் அடியில் வீழ்ந்தார்.

இவ்விடத்து அம்மையார் செய்ததே நம் ஆராய்ச்சியின் நடுவிடம். நூல் வல்லார் ஒருவர் அந்நிலையில் யாது செய்திருப்பார் என்று சிறிது எண்ணிப் பார்ப்போமாக. பிரிந்து சென்ற பிழையை எடுத்துக்காட்டியிருப்பார். புகுந்த சமயத்தின் கொள்கையை மறுத்திருப்பார். நோய்க்குக் காரணம் முன்னைவினை என விளக்கியிருப்பார். அம்மையார் அவற்றுள் ஒன்றுஞ் செய்திலர். இஃது இறைவன் அருளே என்று உணர்ந்து, எழுக எனக் கூறி, இறைவனைப் பணிந்து பணிசெய்க என்றளவிலே நிறுத்தி, ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். பின்னர்த் திருப்பள்ளியெழுச்சிக் காலத்தில், திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியாரையும் உடனழைத்துக் கோயிலுக்குச் சென்றார்.

அன்பர்காள்! இக்காட்சியைக் கடந்து விரைந்து பதிகத்திற்குச் சென்றுவிடுதல் நம் வழக்கமாயிற்று. ஒருகணம் நிற்போம். தம் தம்பி மீண்டுவந்த அந்நாளிலும் அம்மையார் தம் பணியைத் தவிர்த்திலர். தம்பிக்கென்று வேறு வழிபாடொன்று வகுத்ததாகவும் நூல் கூறவில்லை. நாடோறும் தாம் செல்லும் வழியிலேயே அவரை அழைத்துச் சென்றார். கையில் நாடோறும் ஏந்துவனவற்றையே ஏந்திச் சென்றார். துயரத்தினின்று தாம் ஏறிவந்த படி எதுவோ, அதன் அடியிலேயே தம்பியையும் நிறுத்தினார் என்க. அங்கே நின்றுதான் கொல்லிப் பண்ணமைந்த முதற் பதிகம் எழுந்தது, சூலை நீங்கிற்று, நாவுக்கரசு என்னுந் திருநாமமும் வாய்த்தது. (நோயுற்றார் மருத்துவரை நாடவேண்டா என்று இதனைக்கொண்டு எவரும் முடிவுசெய்யற்க. உடற்பிணிக்கு மருந்துண்ணல் வேண்டும்; நாம் பேசுவது பிணியின் பின்னும் இழப்பின் பின்னும் உயிர் எழுமாறு பற்றி.)

வினைக்கொள்கையைப் பற்றியும் ஒருவார்த்தை கூறவேண்டியுளது. இன்பதுன்பங்களை நுகர்வித்தே இறைவன் வினையை அறுக்கின்றான் என்பதற்கு, சில நோயை அறுத்துக் கீறியும் சில நோயைப் பால் முதலியன கொடுத்தும் தீர்க்கும் மருத்துவனைச் சித்தியார் உவமை கூறும். உண்மையே. ஆயினும் இது துன்புற்றவன் தன்னளவில் தெளிதற்கு உரிய உண்மை. பிறனொருவன் துயருற்ற வீட்டு வாயிலில் நின்றுகொண்டு, உன் வினை, நுகர்ந்து தீர்க்க என்று கூறுதற்கு உரியதன்று. அவ்வாறு கூறுவாரை நாம் கண்டிருக்கின்றோம்; சிலவேளை நாமே கூறியுமிருக்கின்றோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புகின்றோம். மகவை இழந்த தாயொருத்தியின் முன் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்னும் பகுப்பு எதற்குதவும்? அறுவையின் தேவையை மருத்துவன் அறிவான். நோயாளியின் கையைப் பற்றிக்கொண்டு அருகிருத்தலே சுற்றத்தான் கடமை. சாத்திரம் முழுதும் கற்றிருந்தும், வந்தவர்க்கு நீறளித்து வைகறையில் உடனழைத்துச் செல்லமாட்டாதார், திருவதிகை மடத்திற் கற்கவேண்டியது இன்னும் உளது.

இங்கு ஒரு தடை நிகழ்தல் கூடும். சரியைக்குப் பயன் சாலோகமன்றோ? பரமுத்திக்கு ஞானமே வாயிலென்று நூல் விதித்திருக்க, சரியையை இத்துணை உயர்த்துதல் தகுமோ எனின், நாம் நூன்முறையை மாற்றப் புகுந்தோமல்லேம். ஞானத்தாலேயே வீடு. ஆயினும் சரியையிற் சரியை, சரியையிற் கிரியை, சரியையில் யோகம், சரியையில் ஞானம் என ஒவ்வொரு பாதமும் நந்நான்காக விரிந்து பதினாறாதலைப் பெரியோர் காட்டியுள்ளனர். அரும்பினுள்ளே கனிக்குரிய கூறும் அடங்கியிருத்தல் இதனாற் புலனாம். இன்னும், மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களையுடையது. அவற்றுள் இறுதிச் சூத்திரம் மலநீக்கமுற்ற சீவன்முத்தர்க்கு விதித்தது யாது? அடியாரோடு கூடுதலும், திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடுதலும் அன்றோ? எந்த வாயிலில் உள்ளே புகுந்தாரோ, நூல் முடியுமிடத்தும் அவ்வாயிலிலேயே அவர் நிற்கின்றார். முன்னர்த் துயரோடு நின்றார். இப்பொழுது அன்போடு நிற்கின்றார். நிலம் ஒன்றே.

இக்காலத்தும் பல ஊர்களில் விடுமுறை நாட்களில் உழவாரப் பணிக் கூட்டத்தார் கூடிப் பழங்கோயில்களிற் புல்செதுக்கியும் பிராகாரங் கழுவியும் தொண்டாற்றுதல் கண்டு மகிழ்கின்றோம். அலகைக் கையிற் பிடித்த நிலையில் நிழற்படம் எடுத்துக்கொள்ளுதலில் அலகிடும் நேரத்தினும் மிக்க நேரம் கழிக்கும் அன்பர் சிலரும் அவருள் உளர். அவர்களும் வருதலை விடற்க என்றே வேண்டுகின்றோம். ஆனால் அக்கூட்டங்களின் ஓரத்தில், ஒருவரோடும் பேசாது, கொடுத்த மூலையைக் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கும் ஒருவரைச் சிலவேளை காணலாம். அவர் எதன்பொருட்டு வந்தார் என்று வினவுதல் வேண்டா. அடுத்த கிழமைக்கும் அவர்க்கென்று ஒரு மூலையை ஒதுக்கிவைத்தல் போதும். மடங்களிலுள்ள பெரியோரும், துயருற்று வருவார்க்கு உபதேச மொழி கூறுமுன், அவர் கையாற் செய்தற்குரிய பணியொன்றை, நந்தனவனத்திலேனும் அன்னசாலையிலேனும், அளிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுதல் நலமென எண்ணுகின்றோம்.

திலகவதியம்மையார் 63 நாயன்மாருள் ஒருவராக எண்ணப்பெற்றாரல்லர். திருத்தொண்டத்தொகையில் அவர் பெயர் இல்லை. அவர் மேற்கொண்ட பணியோ அவர் தம்பியாரின் கையில் உழவாரமாக இருந்தது. அரசுகள் பல்லவனால் நேர்ந்த கொடுமைகளைக் கடந்தார். கயிலை நோக்கி நடந்து உடல் தேய்ந்தார். திருவையாற்றிற் கயிலைக் காட்சி கண்டார். இவ்வளவுங் கண்ட பின்னரும் உழவாரத்தைக் கீழே வைத்திலர். முதுமையில், 81-ஆம் ஆண்டென மரபு கூறும் அக்காலத்தில், திருப்புகலூர்த் திருமுற்றத்தில் அவர் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடந்து ஒளிர்ந்தன. அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்பவே கருதி, உழவாரத்தால் வாரி அருகிருந்த தாமரை வாவியுள் எறிந்துவிட்டு, எஞ்சிய முற்றத்தைச் செதுக்கத் தொடங்கினார்.